கடைசி ஆளுக்கு ஒரு சிவப்பு விளக்கு

ஊர் மாதா கோயில் நடைபயணக் குழுவில் அமல்ராணிக்கு ஒரு நிரந்தரமான இடம் இருந்தது. கடைசி இடம். யாரும் போட்டிக்கு வராத இடம் என்பதால் இரண்டு வருடமாக அது அவளிடமே இருந்தது. காணைப் பக்கத்திலிருந்து நாற்பது ஐம்பது பேர் காவி உடுத்தி, கொடி பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புவார்கள். விழுப்புரம் தாண்டி, வளவனூர், கண்டமங்கலம் வழியாக நடந்து, சனிக்கிழமை விடியற்காலைப் பூசைக்கு வில்லியனூர் மாதா கோயிலில் போய் நிற்பார்கள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முன்னால் போகிறவர்களின் பாட்டு அமல்ராணிக்குப் பாதிதான் கேட்கும். விழுப்புரம் வருவதற்குள் அதுவும் நின்றுவிடும். அவளுக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள்தான் வருவார். அவள் புருஷன் சவரிநாதன். எல்லாருடைய பாய்களையும் தண்ணீர்க் கேன்களையும் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். அந்தச் சைக்கிளுக்குக் குழுவில் வால் சைக்கிள் என்று பெயர்.

அமல்ராணிக்கு முட்டி சரியில்லை. மெதுவாக நடப்பாளே தவிர நிற்க மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நடப்பதற்குக் காரணம் அவள் மகன் இருதய அருண். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் விழுப்புரத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஒரு லோடு ஆட்டோ பின்னாலிருந்து அடித்துப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அந்த வராண்டாவில் உட்கார்ந்துதான் அமல்ராணி மாதாவிடம் பேசி முடித்தாள். “எம் புள்ள எழுந்து நடந்தான்னா, மூணு வருஷம் உங்கோயிலுக்கு நடந்தே வர்றேன் தாயே. ஓர் அடி கூட வண்டியில ஏற மாட்டேன்.” பிள்ளை எழுந்தான், நடந்தான். இப்போது திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறான். மாதா தன் பங்கை முடித்துவிட்டாள். அமல்ராணியின் பங்கில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. நடுவில் கொஞ்ச தூரம் வண்டியில் ஏறினாலும் வேண்டுதல் மொத்தமும் வீண் என்பது அவள் முடிவு. ஃபாதரிடம் கேட்டால், மாதா அப்படியெல்லாம் பார்க்க மாட்டாள் என்பார். அதனாலேயே அவள் ஃபாதரிடம் கேட்கவில்லை.

போன வருடம் கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு மினி லாரி வால் சைக்கிளை ஒட்டி உரசிக்கொண்டு போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டை மட்டும் பிய்ந்து, பாயெல்லாம் ரோட்டில் பறந்தது. சவரிநாதன் பாய்களைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தார். குழுத் தலைவன் பிரான்சிஸ் சிரிக்கவில்லை. உரக்கடை வைத்திருப்பவன், நாற்பது வயதுக்காரன், கழுத்தில் விசில் இல்லாமல் அவனை நடைபயணத்தில் பார்க்க முடியாது. கொடியைப் பிடித்து முன்னால் போவதும் அவன்தான், ஓடி ஓடிப் பின்னால் வந்து தலை எண்ணுவதும் அவன்தான். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னான்:

“இந்தத் தடவ ஆளுங்களுக்குன்னு கூடவே ஒரு வேன் வருது. மெதுவா நடக்கறவங்க எல்லாம் அதுல வந்துடணும்.”

எல்லாம் என்று பன்மையில்தான் சொன்னான். பார்த்தவர்கள் எல்லாரும் அமல்ராணி ஒருத்தியைத்தான் பார்த்தார்கள்.

“தம்பி, நான் நடந்தே ஆவணும்” என்றாள் அவள்.

“இருட்டுல உங்களுக்கு ஒண்ணு ஆயிட்சின்னா ஊருக்கு யாரு பதில் சொல்றதுக்கா? நானா, மாதாவா?”

“சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு லைட்டு மாட்டிக்கினா?”

பிரான்சிஸ் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தான். கெட்டவன் இல்லை. பயந்தவன். அத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவனுக்கு அந்தப் பயம் இல்லாவிட்டால்தான் தப்பு.

“நல்ல லைட்டா இருக்கணும். ரொம்ப தூரத்துலயே தெரியணும். இருந்தா பாக்கலாம். இல்லன்னா வேன்தான், சொல்லிட்டேன்.”

அந்த வாரமே சவரிநாதன் மகனைப் பார்க்கத் திண்டிவனம் போனார். வரும்போது கையில் ஒரு பெட்டி. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதை வாங்கினாலும் கடையில் இருப்பதிலேயே பெரியதாக வாங்குவார். அவர் வாங்கிய குடையில் மூன்று பேர் போகலாம். அவர் வாங்கிய டார்ச்சைத் தூக்கவே ஓர் ஆள் வேண்டும். இப்போது சைக்கிள் லைட்.

“கடைக்காரன்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னேன். இருக்கறதுலயே பிரைட்டா குடு, பேஜாரு பண்ணாதன்னேன்” என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு. நீலம். சிவப்பு. நீலம். சுவர், கூரை, மாதா படம், அமல்ராணியின் முகம் எல்லாம் மாறி மாறி இரண்டு கலரில் துடித்தன. பக்கத்து வீட்டுக் கோழி விடிந்துவிட்டது என்று எண்ணியோ என்னவோ ஒரு கத்து கத்தியது.

“கண்ணு கூசுதுங்க.”

“கூசணும். அதுக்குத்தான் வாங்கினு வந்தது.”

மறுநாள் இருட்டத் தொடங்கியதும் விழுப்புரம் ரோட்டில் ஒத்திகை. முன்னால் மண் ஓரத்தில் அமல்ராணி நடந்தாள். பின்னால் சவரிநாதன் சைக்கிளைத் தள்ளினார். பிரான்சிஸ் மதகுக் கட்டையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தூரத்திலேயே பிரேக் போட்டது, நின்றது, அப்படியே திரும்பி வந்த வழியே போய்விட்டது. அடுத்த வண்டியில் புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மாள் மடியில் சும்மா கிடந்த ஹெல்மெட்டை அவசரமாக எடுத்துப் புருஷன் தலையில் கவிழ்த்தாள். அந்த ஆள் மூச்சுக் கூட விடாமல் சவரிநாதனைத் தாண்டிப் போனான். அப்போதும் இவர்களுக்கு விஷயம் விளங்கவில்லை. மூன்றாவது வண்டியில் மூன்று பேர். மூன்று தலை, ஹெல்மெட் ஒன்றுகூட இல்லை. அவர்கள் திரும்பவும் இல்லை, நிற்கவும் இல்லை. ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, கரும்புக் கொல்லை ஓரமாகத் தப்பிக்கப் பார்த்து, வாய்க்காலில் போய் விழுந்தார்கள்.

சேற்றோடு எழுந்து வந்தவர்கள் அங்கே போலீசும் இல்லை, தடுப்பும் இல்லை, வேட்டி கட்டிய ஒருவர் சைக்கிளோடு நிற்கிறார் என்பதைக் கண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை மாதா கோயில் கதையில் எழுத முடியாது.

“போலீஸ்காரங்க ரோட்டுத் தடுப்புல மாட்டுற லைட்ட சைக்கிள்ல மாட்டிக்கினு சுத்தறியேய்யா, உனக்கு இன்னா கொழுப்பு!” என்பது அதில் எழுதக்கூடிய ஒரே வரி.

சவரிநாதன் மன்னிப்புக் கேட்டு, வண்டியைத் தூக்கிவிட்டு, ஒருவன் காலில் பட்ட சிராய்ப்புக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அவர்கள் போன பிறகு அமல்ராணிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பிரான்சிஸைப் பார்த்தாள். அவன் வாய்க்கால் ஓரத்து டயர்த் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க இன்னும் நாலு அடி பின்னாடி வந்துக்கினு இருந்திருந்தா, அந்த வண்டி உங்க மேல ஏறியிருக்கும்க்கா.”

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் சொன்னது நிஜம்.

“வேன்ல வந்துடுங்க. நானே சீட்டு போட்டு வைக்கறேன்.”

“எனக்கு வியாழக்கிழம வரைக்கும் டைம் குடு தம்பி.”

அவன் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் சவரிநாதனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தாங்க மாட்டாமல் தானே ஆரம்பித்தார். “பிரைட்டா இருந்துச்சா இல்லியா, அத்த சொல்லு.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு லைட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அவள் அழுதது லைட்டுக்காக இல்லை. இந்த வருடம் நடக்காமல் போனால் திண்டிவனத்தில் நின்றுகொண்டிருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். மாதா அப்படிப் பழிவாங்குகிறவள் இல்லை என்று புத்திக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரிய வேண்டாமா?

“நாளைக்கு விழுப்புரம் போறேன். நானே பாத்து வாங்கறேன். நீங்க கூட வாங்க, வாய மட்டும் தொறக்காதீங்க” என்றாள்.

விழுப்புரத்தில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே ஒரு சந்தில் கலையரசியின் சைக்கிள் கடை இருந்தது. கலையரசி முப்பது வயதுப் பெண். பேசிக்கொண்டே இருப்பாள், கையும் வேலை செய்துகொண்டே இருக்கும். பின்பக்க லைட் வேண்டும் என்றதும் மேஜை மேல் நாலைந்தை எடுத்துப் போட்டாள். ஒன்று மண்டை ஓடு மாதிரி இருந்தது. அதை அமல்ராணி தொடவே இல்லை. ஒன்றை அழுத்தினால் தரையில் இரண்டு சிவப்புக் கோடு விழுந்தது. ஒன்று கண் சிமிட்டியது. ஒன்று பார்த்தவுடன் முகத்தைத் திருப்ப வைத்தது. கடைசியாக ஒன்று சோடா மூடி அளவில், உருண்டையாக, சும்மா எரிந்தது.

“இது சூப்பர் பிரைட்டுக்கா, எல்லாரும் இத்ததான் கேக்கறாங்க” என்று கலையரசி நாலாவதை நீட்டினாள்.

“கடைக்குள்ள பாத்தா எல்லாமே பிரைட்டாத்தாம்மா இருக்கும். இருட்டட்டும். ரோட்டுல பாக்கறேன்.”

“அதுவரைக்குமா உக்காந்திருப்பீங்க?”

“உக்கார மாட்டேன். நிக்கறேன்.”

கலையரசி சிரித்துவிட்டு ஒரு டீ சொன்னாள். இருட்டியதும் அமல்ராணி ஒவ்வொரு லைட்டாகப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் அதை இடுப்புக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு சந்தின் கோடி வரைக்கும் நடக்க வேண்டும், அப்புறம் அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வர வேண்டும். சவரிநாதன் வாயைத் திறக்காமல் செய்தார். சந்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அமல்ராணி அவர்களைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அந்த லோடு ஆட்டோக்காரன் ஞாபகம் வந்தது. அருண் கண் திறக்காமல் கிடந்தபோது அவன் ஆஸ்பத்திரி வராண்டாவில் சுவரில் சாய்ந்து நின்று அழுதான். “பாக்கவே இல்லம்மா. பாத்தப்போ கிட்ட வந்துட்டேன்மா.” அன்றைக்கு அவனை அறையத்தான் எழுந்தாள். எழுந்தவள், கிட்டே போனதும் கையிலிருந்த டீயை அவனிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது அந்த ஆட்டோவில் அவன் உட்கார்ந்து ஓட்டிய இடத்தில் தன்னை உட்கார வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் வண்டி ஓட்டுகிறேன், முன்னால் எவனோ போகிறான், எனக்கு என்ன தெரிகிறது?

கண் சிமிட்டும் லைட்டில் சவரிநாதன் ஒரு தடவை இருந்தார், அடுத்த தடவை இல்லை. போகிறாரா வருகிறாரா, கிட்டத்திலா தூரத்திலா, ஒன்றும் பிடிபடவில்லை. கோடு போடும் லைட்டில் கண் கோட்டுக்குப் போயிற்று, ஆளுக்குப் போகவில்லை. சூப்பர் பிரைட்டில் லைட் மட்டும்தான் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த மனிதரே மறைந்துபோனார். பிறகு கண்ணை மூடினாலும் ஒரு பச்சைப் பொட்டு மிதந்தது. அந்தச் சோடா மூடி மட்டும் அடுப்பில் கிடக்கும் நெருப்பு மாதிரி நின்று எரிந்தது. அவர் போகப் போகச் சின்னதாயிற்று, வர வரப் பெரிதாயிற்று. கோடியிலிருந்தும் தெரிந்தது. அவர் திரும்பிப் பக்கவாட்டில் நின்றபோதும் தெரிந்தது.

“இது போதும்.”

“அது இத்த விட பிரைட்டுக்கா.”

“அதுல லைட்டு தெரியுது. இதுலதாம்மா அவரு தெரியறாரு.”

கலையரசி தானும் ரோட்டில் இறங்கி ஒரு தடவை பார்த்தாள். “விடிய விடிய எரியணும்னா சார்ஜ் ஃபுல்லா போட்டுக்குங்க. செல்போன் சார்ஜர்லயே ஏறும்” என்று சொல்லி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் சவரிநாதன் வாயைத் திறந்தார். “பின்னாடியே நடந்து நடந்து இடுப்பு போச்சு. இனிமேவாவது முன்னாடி பாத்து நடக்கலாமா?”

வியாழக்கிழமை பிரான்சிஸ் அந்த லைட்டைத் தன் உரக்கடை வாசலில் வைத்துத் தெருக்கோடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “சரி” என்றான். அமல்ராணிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஒரே கூட்டம். ஆளாளுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து வால் சைக்கிளில் கட்டினார்கள். கேரியரின் இரண்டு பக்கமும் கேன் தொங்கியது. மூட்டை சக்கரத்தைத் தொட்டது. ஃபாதர் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். கிளம்பும் நேரத்தில் பிரான்சிஸ் பின்பக்கமாக வந்து குனிந்து பார்த்தான்.

“லைட்டு எங்க?”

“மட்கார்டுல மாட்டியிருக்குதே” என்றார் சவரிநாதன்.

மட்கார்டே தெரியவில்லை, லைட் எங்கே தெரியும்? இத்தனை நாள் அலைந்து, சந்தில் பின்னாலேயே நடந்து வாங்கிய லைட் ஐம்பது பேரின் பாய்க்குப் பின்னால் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. வெறும் சைக்கிளில் பார்த்தார்களே தவிர, வால் சைக்கிள் என்றைக்கும் வெறும் சைக்கிளாகப் போனதில்லை என்பது ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. சவரிநாதன் மூட்டையை மேலே ஏற்றினார், சரிந்தது. லைட்டை மூட்டையில் குத்திப் பார்த்தார், வானத்தைப் பார்த்து எரிந்தது. முன்னால் கொடி தூக்கியாகிவிட்டது. பாட்டு ஆரம்பித்துவிட்டது. பிரான்சிஸ் வேன் பக்கம் திரும்பி, ஓட்டுநர் அந்தோணி பிரபுவைக் கூப்பிட வாயெடுத்தான்.

“குடுங்க இங்க” என்று அமல்ராணி லைட்டைப் பிடுங்கினாள். அதன் பின்னால் ஒரு கிளிப் இருந்தது. தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி, அதன் முதுகுப் பட்டையில் கிளிப்பைக் கடிக்க வைத்து, திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“கடைசியா நடக்கப் போறது நான்தான? சைக்கிளு எனக்கு முன்னாடி போவட்டும். லைட்டு எம்மேல இருக்கட்டும். எனக்குப் பின்னாடி யாரும் இல்ல.”

பிரான்சிஸ் அவள் முதுகைப் பார்த்தான். கொஞ்ச தூரம் தள்ளிப் போய்ப் பார்த்தான். பிறகு விசில் ஊதி எல்லாரையும் நிறுத்தினான்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. லைட்டு யார் முதுகுல இருக்குதோ அவங்கதான் கடைசி. அவங்களுக்குப் பின்னாடி ஒருத்தரும் வரக்கூடாது. முடியாம பின்னாடி போயிட்டா லைட்ட வாங்கி மாட்டிக்கணும், இல்லன்னா வேன்ல ஏறிடணும். யாரா இருந்தாலும் இதான் ரூலு.”

எல்லாரும் தலையாட்டினார்கள். யாருக்கும் அது தனக்குச் சொன்ன ரூல் என்று தோன்றவில்லை.

அப்படியாக அமல்ராணி நடந்தாள். இதுவரை அவள் கடைசியாகப் போகிறவள் என்பது குழுவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அது முதுகில் எரிந்தது. விழுப்புரம் கடைத்தெருவில் நின்றவர்கள் லைட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பையன் “ஹாரன் இருக்குதாக்கா?” என்று கேட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் ஊரைத் தாண்டி இருட்டு ரோட்டுக்கு வந்ததும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. லாரிகள் தூரத்திலேயே விலகின. போன இரண்டு வருடமும் பின்னால் ஒவ்வொரு சத்தம் கேட்கும்போதும் கழுத்து தானாகச் சுருங்கும். இப்போது சுருங்கவில்லை. ஜெபமாலையை இடையில் தவறவிடாமல் சொல்ல முடிந்தது. வளவனூரில் டீ குடித்தபோது சவரிநாதன், “நல்ல லைட்டுதான் வாங்கியிருக்க” என்றார். தன் லைட்டை விட என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிரான்சிஸ் வழி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தான். கொடியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் வருவான், தலை எண்ணுவான், “பரவால்லியாக்கா?” என்பான், மறுபடி முன்னால் ஓடுவான். மற்றவர்கள் ஒரு தடவை நடந்த ரோட்டை அவன் மூன்று தடவை நடந்தான். இந்தப் பயணத்துக்கென்று புது ஷூ வாங்கிப் போட்டிருந்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

கண்டமங்கலம் தாண்டியாகிவிட்டது. விடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ரோட்டோரக் கல் ஒன்றில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கிட்டே போனால் பிரான்சிஸ். ஷூ இரண்டும் பக்கத்தில் கிடந்தன. குதிகால் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

“நீங்க போங்கக்கா. கொடிய அப்பாதுரைகிட்ட குடுத்துட்டேன். வந்துக்கினே இருக்கேன்.”

அவள் தாண்டிப் போனாள். பத்துப் பதினைந்து அடி போன பிறகுதான் உறைத்தது. அவன் இப்போது லைட்டுக்குப் பின்னால் இருக்கிறான். திரும்பிப் பார்த்தாள். இருட்டுதான் தெரிந்தது. அந்த நேரம் பின்னால் ஒரு பஸ் வந்தது. அதன் வெளிச்சத்தில் ஒரு நொடி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டு ஓரத்தில் நொண்டி நொண்டி வருகிற பிரான்சிஸ் தெரிந்தான். ஓட்டுநருக்கும் அந்த ஒரு நொடிதான் தெரிந்திருக்க வேண்டும். பஸ் கத்திக்கொண்டு வளைந்து போயிற்று. அமல்ராணி அப்படியே நின்றுவிட்டாள். சவரிநாதனும் சைக்கிளை நிறுத்தினார்.

பிரான்சிஸ் வந்து சேர்ந்தான். முன்னால் ரோட்டோரத்தில் வேன் நின்றுகொண்டிருந்தது.

“வேன் நிக்குது தம்பி” என்றாள் அவள், மெதுவாக.

“வேணாங்கக்கா.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்குது.”

என்ன வேண்டுதல் என்று அவள் கேட்கவில்லை. தன் வேண்டுதலை அவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் இத்தனை பேச்சு வந்திருக்காது.

பிரான்சிஸ் கையை நீட்டினான். “லைட்டக் குடுங்க. இப்ப நான்தான் கடைசி. ரூலு ரூலுதான்.”

அமல்ராணிக்கு அந்த நேரத்தில் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, புருஷனைத் தவிர அவளுக்குப் பின்னால் ஓர் ஆள். வேன் வேன் என்று விரட்டியவன். லைட்டைக் கழற்றி அவன் முதுகில் மாட்டிவிட்டுத் தான் முன்னால் போனால், கோயில் வாசலில் அத்தனை பேரும் பார்ப்பார்கள். தலைவன் லைட்டோடு கடைசியாக வருவான். அவள் கை பைப் பட்டைக்குப் போயிற்று. விரல் கிளிப்பைத் தொட்டது.

அவன் நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தான்.

“கிளிப்பு எடுக்க வர மாட்டேங்குது தம்பி” என்றாள்.

“நான் எடுக்கறேன் இரு” என்று சவரிநாதன் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார்.

“நீங்க சைக்கிளப் பாருங்க!” என்று அவள் போட்ட அதட்டலில் அவர் கை அப்படியே நின்றது. பிறகு பிரான்சிஸிடம் திரும்பினாள். “நீ முன்னாடி நட. எனக்கு முட்டி வலி ஜாஸ்தியாயிட்சி. மெதுவாத்தான் வருவேன். நான்தான் கடைசி.”

முட்டி வழக்கம்போலத்தான் வலித்தது. பிரான்சிஸ் அவள் முட்டியை ஒரு தடவை பார்த்தான். பிறகு முன்னால் நடந்தான். அமல்ராணி அவனுக்குப் பின்னால் நடந்தாள். தன்னை விட மெதுவாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவன் நின்றால் இவள் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். அவன் திரும்பிப் பார்த்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். சவரிநாதன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பேசுகிற மனிதர், அந்தத் தூரம் முழுக்க ஒன்றும் பேசவில்லை.

கோபுரம் தெரிந்தபோது வானம் வெளுத்துவிட்டது. கோயில் நுழைவு வளைவுக்குக் கீழே குழு மொத்தமும் காத்திருந்தது. எல்லாரும் சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும், அது வழக்கம். கொடியைப் பிடித்திருந்த அப்பாதுரை, பிரான்சிஸ் நொண்டி வருவதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

“இன்னாப்பா, எல்லாரும் வந்தாச்சா? யாரு கடைசி?”

பிரான்சிஸ் நின்றான். வாயைத் திறந்தான்.

அவனுக்கு முந்திக்கொண்டு அமல்ராணி கையைத் தூக்கினாள். “நான்தான்!” என்றாள். இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டவள், அன்றைக்கு அந்த வளைவு அதிரக் கத்தினாள். “நான்தாங்க கடைசி! எனக்குப் பின்னாடி யாரும் இல்ல!”

கூட்டம் சிரித்தது. “மரியே வாழ்க” என்று யாரோ ஆரம்பித்தார்கள். பிரான்சிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பின்னால் வந்து, பையில் எரிந்துகொண்டிருந்த லைட்டில் கை வைத்தான். கிளிப் ஒரே அழுத்தில் கழன்று வந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உள்ள போலாம் வாங்கக்கா” என்றான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு கை கூடக் காலியாக இல்லை. ஒன்றில் ஷூ, ஒன்றில் லைட்.